வட்டார விமான நிறுவனமா, தனியார் சார்ட்டரா? விமானிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பறக்கும் இளம் விமானிகள் என்னிடம் கேட்பவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் கிளைகள்தான். பெரிய நிறுவனங்களின் பெயரில் சிறிய ஜெட்களை ஓட்டும் வட்டார விமான நிறுவனத்தில் இருப்பதா, இல்லை வாடகைக்கு அமர்த்தப்படும் தனி ஜெட்களை ஓட்டும் சார்ட்டருக்குப் போவதா? முதலாவதில் ஐந்து ஆண்டுகள் துணை விமானியாகவும், இரண்டாவதில் எட்டு ஆண்டுகள் கேப்டனாகவும் இருந்திருக்கிறேன். இங்கே சொல்லும் விதிகள் எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள்.

இரண்டு வேலைக்கும் சட்டப்படி என்ன வேறுபாடு?

கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் விதித்தொகுப்பின் 121-ஆம் பகுதியின் கீழ் வருகின்றன. கேட்டபோது கேட்ட இடத்துக்குப் பறக்கும் சார்ட்டர் 135-ஆம் பகுதியின் கீழ் வருகிறது. சொந்த விமானத்தில் முதலாளியை மட்டும் ஏற்றிச் செல்வது 91-ஆம் பகுதி. சார்ட்டர் விமானி பயணிகளை இறக்கிவிட்டு வெறும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது, பல வேளைகளில் 91-இன் கீழ்தான் பறக்கிறார். பிற்பகலில் 135, இரவில் 91 என்று ஒரே நாளில் விதி மாறும்.

நடைமுறையில் நான் பெரிதாகக் கருதும் வேறுபாடு வேறொன்று. 121-இல் ஒவ்வொரு பறப்புக்கும், தரையிலிருந்து அதைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் உரிமம் பெற்ற டிஸ்பாட்சர் ஒருவர் இருக்கிறார். பறப்பைத் தொடங்குவதற்கு அவரும் கேப்டனும் சேர்ந்து பொறுப்பு. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் விமானம் புறப்படாது. 135 சார்ட்டரில் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இன்று போக முடியாது" என்ற சொல் உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

என்னிடம் 300 மணி நேரப் பறப்பு அனுபவம்தான் இருக்கிறது. எதில் நுழைய முடியும்?

வட்டார நிறுவனத்தில் முடியாது. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன் பின்விளைவாக 2010-இல் ஒரு சட்டம் வந்தது. 2013 முதல், 121-இல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. என்ற உயர்நிலை உரிமம் கட்டாயம் ஆனது. அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். விமானவியலில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000, ராணுவ விமானிகளுக்கு 750.

சார்ட்டரில், கூலிக்குப் பறக்க அனுமதிக்கும் கமர்ஷியல் உரிமமும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் இருந்தால் சட்டப்படி துணை விமானியின் வலப்பக்க இருக்கையில் உட்காரலாம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் உட்காராதீர்கள்: அந்த விமானத்துக்கோ அந்தப் பறப்புக்கோ இரண்டு விமானிகள் சட்டப்படி தேவையா? ஒரே விமானி ஓட்டத் தகுதியான விமானத்தில், வாடிக்கையாளரின் மனநிறைவுக்காக மட்டும் இரண்டாவது ஆளை உட்கார வைப்பதுண்டு. அந்த நேரத்தைப் பறப்பேட்டில் எழுதிவிட்டு, பின்னர் ஒரு நேர்காணலில் விளக்கம் சொல்ல முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சார்ட்டரில் பறந்த மணி நேரம் பின்னாளில் விமான நிறுவனத்தில் கணக்கில் வருமா?

மொத்த மணி நேரத்தில் வரும். கேப்டன் ஆவதற்கான கணக்கில் அதில் ஒரு பகுதிதான் வரும்.

121-இல் கேப்டன் ஆக, குறிப்பிட்ட வகைப் பறப்புகளில் 1,000 மணி நேரம் வேண்டும். 121-இல் துணை விமானியாகப் பறந்தது அதில் சேரும். 135-இல் ஏ.டி.பி. கட்டாயமான பறப்புகளில், அதாவது பயணிகள் ஜெட் போன்றவற்றில், கேப்டனாகப் பறந்ததும் சேரும். சார்ட்டரில் வலப்பக்கம் உட்கார்ந்து பறந்த நேரம் இந்த 1,000-இல் சேராது. எனவே சார்ட்டருக்குப் போகிறவர் "எத்தனை மாதத்தில் ஜெட்டில் கேப்டனின் இடப்பக்க இருக்கை?" என்று கேட்பதைப் பேராசையாக நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் வலப்பக்கமே கழிந்தால், இந்தக் கணக்கைப் பொறுத்தவரை அவை வராத ஆண்டுகள்.

பணிமூப்பு எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது அவ்வளவு பெரியதா?

ஆம். இளம் விமானிகள் அதன் கனத்தை மிகவும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

விமான நிறுவனத்தில் சேரும் நாளன்று உங்களுக்கு ஓர் எண் தருவார்கள். எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த விமானம், எப்போது கேப்டன், எந்த வாரம் விடுப்பு, பண்டிகை நாளில் வீட்டிலா விடுதியிலா, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த எண். திறமைக்கு அதில் இடமில்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால், அங்கே நேற்றுச் சேர்ந்தவருக்கும் கீழேதான் நிற்பார். விலகிய மறுநாள் உங்கள் பழைய எண் மறைந்துவிடும். எவ்வளவு நல்ல பெயரோடு விலகியிருந்தாலும் அது திரும்பாது.

நான் வட்டார நிறுவனத்தை விட்டபோது பட்டியலில் எனக்கு அடுத்த எண்ணில் இருந்தவர் என் வகுப்புத் தோழர். நான்காண்டுகளாகப் பட்டியல் அசையவே இல்லை. மேலே இருந்தவர்கள் ஓய்வு பெறவில்லை, பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கவில்லை. பொறுமை போய் நான் கிளம்பினேன், அவர் இருந்தார். 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60-இலிருந்து 65 ஆக்கியதன் விளைவு அந்தத் தேக்கம். ஐந்தாண்டு கழிந்ததும் ஓய்வுகள் மீண்டும் தொடங்கி, அணை திறந்ததுபோல் பட்டியல் நகர்ந்தது. அவர் இப்போது பெரிய நிறுவனத்தில் கேப்டன். நாள்காட்டியை எண்ணிப் பார்த்திருந்தால் எனக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்கும். பட்டியல் நகரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களிடம் இன்றும் முதலில் சொல்வது இதைத்தான்: உங்களுக்கு மேலே இருப்பவர்களின் வயதை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

சார்ட்டரில் இந்த எண் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் இவ்வளவு இறுக்கமாக இருக்காது. 45 வயதில் சேர்ந்தாலும் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. நேராகக் கேப்டனாகவே எடுத்துக்கொள்வார்கள். வாழ்க்கையில் தாமதமாகப் பறக்க வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சம்பளம் எங்கே அதிகம்?

பத்தாண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் தயங்காமல் சார்ட்டர் என்று எழுதியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல முடியாது. விமானிப் பற்றாக்குறையில், 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மாண்டும் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. பிறரும் பின்தொடர்ந்தார்கள்.

மணிக்கூலித் தொகையைவிட அதைக் கணக்கிடும் முறையைப் பாருங்கள். வட்டார நிறுவனத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரைதான் கூலி மணி ஓடும். நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அதற்குப் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு ஒரு குறைந்தபட்ச மணிக்கணக்கு உறுதி. பல இடங்களில் அது 75-ஐ ஒட்டி இருக்கும். சார்ட்டரில் பெரும்பாலும் மாதச் சம்பளம் அல்லது நாள் கூலி. மாதம் 20 மணி நேரம் பறந்தாலும் 70 பறந்தாலும் அதே தொகை. குறைவாகப் பறக்கும் மாதம் நிம்மதியாகத் தோன்றும், ஆனால் மணி நேரம் சேர்க்க வேண்டிய வயதில் அது நட்டம்தான்.

ஓய்வு விதிகளில் உண்மையான வேறுபாடு என்ன?

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப்போகிறேன்.

கோல்கன் விபத்துக்குப் பிறகு வந்த 117-ஆம் பகுதி 2014 ஜனவரியிலிருந்து பயணிகள் விமான நிறுவனங்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் இடையூறில்லாத 8 மணி நேரத் தூக்கத்துக்கு வாய்ப்பு, ஏழு நாள் காலத்துக்குள் தொடர்ந்து 30 மணி நேரம் முழு விடுப்பு, ஆண்டுக்கு 1,000 பறப்பு மணி நேர வரம்பு. களைப்பாக இருக்கிறேன் என்று விமானி சொன்னால் அந்தப் பறப்பை அவரிடம் கொடுக்கவே கூடாது என்பதும் அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சார்ட்டருக்கு அந்தப் பகுதி பொருந்தாது. அட்டவணையில்லாத 135 பறப்பில் ஆண்டு வரம்பு 1,400 மணி நேரம். இரண்டு விமானிகள் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரம் பறக்கலாம். 10 மணி நேர ஓய்வு இங்கேயும் உண்டு. மூன்று மாதக் காலாண்டுக்கு 24 மணி நேர விடுப்பு குறைந்தது 13 முறை தர வேண்டும். அதாவது வாரத்துக்கு ஒரு நாள்.

சிக்கல் "ஓய்வு" என்ற சொல்லில் இருக்கிறது. எஃப்.ஏ.ஏ.வின் விளக்கப்படி ஓய்வு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, எந்தக் கடமையும் இல்லாத நேரம். தொலைபேசியை எடுத்தே ஆகவேண்டும் என்ற பொறுப்போடு வீட்டில் உட்கார்ந்திருப்பது ஓய்வு ஆகாது. ஆனால் சில நிறுவனங்கள் விமானியை 24 மணி நேரமும் அழைப்பில் வைத்துவிட்டு, அழைப்பு வராத நேரத்தையெல்லாம் பின்னோக்கி ஓய்வு என்று எழுதிக்கொள்கின்றன.

என் முதல் சார்ட்டர் நிறுவனத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அழைப்புக்குக் காத்திருந்தேன். பகல் முழுக்க ஒன்றும் இல்லை. இரவு 9.40-க்குத் தொலைபேசி அடித்தது. பதினொன்றரைக்குப் புறப்பட்டு, வேறொரு ஊரில் ஒரு மணிக்குப் பயணிகளை ஏற்றி, விடிவதற்குள் நாட்டின் மறுகடற்கரையில் இறக்க வேண்டும். பேசிக்கொண்டே குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணின் கீழ் இமை துடித்துக்கொண்டிருந்தது. "பதினேழு மணி நேரமாக விழித்திருக்கிறேன், என்னால் முடியாது" என்றேன். மறுமுனையில் சில நொடி அமைதி. "சரி, வேறு யாரையாவது பார்க்கிறேன்." அவ்வளவுதான் என்று படுத்துவிட்டேன். காலையில் மேலாளர் அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "மற்றவர்கள் போகிறார்களே" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதத்தில் அங்கிருந்து விலகிவிட்டேன்.

அடுத்து நான் போன சார்ட்டர் நிறுவனத்தில் அதே போன்ற ஓர் இரவில் அதே வார்த்தையைச் சொன்னேன். பணி ஒதுக்குபவர் "நல்லது, தூங்குங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இரண்டு நிறுவனமும் ஒரே 135-இன் கீழ்தான் இயங்கின.

சார்ட்டரில் பாதுகாப்பு குறைவு என்கிறார்களே?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு மிகப் பெரிது என்பதே உண்மை. வட்டார நிறுவனங்கள் தரத்தில் ஏறக்குறைய ஒன்றையொன்று ஒத்திருக்கும். சார்ட்டரில் மிகச் சிறந்ததும் மிக மோசமானதும் ஒரே நிலையத்தில் அடுத்தடுத்த கொட்டகைகளில் இருக்கும்.

இரண்டு விபத்துகளை ஒவ்வொரு சார்ட்டர் விமானியும் அறிந்திருக்க வேண்டும். 2001 மார்ச் 29 அன்று கொலராடோவின் ஆஸ்பென் நிலையத்தை நெருங்கிய கல்ஃப்ஸ்ட்ரீம் சார்ட்டர் ஜெட் ஒன்று மலைப்பக்கம் மோதி 18 பேரும் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம். அதற்குத் துணைபோனவற்றுள் ஒன்றாக, தரையிறங்கியே தீரவேண்டும் என்று விமானத்தை அமர்த்திய வாடிக்கையாளர் தந்த அழுத்தத்தைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. பயணிகள் தாமதமாக வந்ததால் பறப்பே தாமதமாகியிருந்தது, ஆஸ்பெனின் இரவு நேரத் தடை நெருங்கிக்கொண்டிருந்தது.

2015 நவம்பர் 10 அன்று ஒஹையோவின் ஆக்ரனில் சார்ட்டர் ஹாக்கர் ஜெட் ஒன்று நிலையத்துக்குச் சற்று முன்னரே விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதிமுறைகளைப் பின்பற்றுவதில் அந்த நிறுவனத்துக்கே இருந்த அலட்சியத்தை வாரியம் சுட்டிக்காட்டியது. ஆள் எடுத்ததிலும் பயிற்சியிலும் இருந்த குறைகளையும், எஃப்.ஏ.ஏ.வின் போதாத கண்காணிப்பையும் சேர்த்தே சொன்னது.

விமான நிறுவனங்களுக்கு 2015 விதியிலேயே கட்டாயமான பாதுகாப்பு மேலாண்மை முறை, 2024 விதியின்படி 2027 மே மாதத்துக்குள் சார்ட்டர்களுக்கும் கட்டாயமாகிறது. அதற்காகக் காத்திருக்காமல் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை வைத்திருந்த நிறுவனத்தைத் தேடுங்கள்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்?

வட்டார நிறுவனத்தில் ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து பறப்பு. அதே நிலையங்கள், அதே வாயில்கள், குளிர்காலம் முழுக்க இறக்கையில் பனி நீக்கும் திரவம். அலுப்பாகத் தோன்றும், ஆனால் கை பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சார்ட்டரில் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுவேன். எரிபொருள், வானிலை, ஓடுபாதைக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு உள்ளே போய் ஐஸ் பெட்டியை நிரப்ப வேண்டும், காப்பிக் குடுவையைச் சுடுநீரால் அலசிச் சூடேற்ற வேண்டும், இருக்கைப் பட்டைகளைக் குறுக்காக மடித்து வைக்க வேண்டும். கம்பளத்தில் வாக்குவம் இழுத்த கோடுகள் கதவை நோக்கி ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தலைமை விமானியின் கட்டளை. கடைசிக் கோட்டை இழுத்தபடியே பின்னால் நடந்து வெளியே வருவேன். பயணிகள் இறங்கியதும் பெட்டிகளைத் தூக்குவதும் கழிவறையைக் கவனிப்பதும் நாம்தான். இதை இழிவாக நினைப்பவர் இந்த வேலைக்கு வரவேண்டாம். எனக்கு அதில் மனநிறைவு இருந்தது. காலையில் தொடங்கி இரவு முடியும்வரை ஒரு பயணம் முழுவதும் என் கையில் இருந்தது என்ற நிறைவு.

குடும்பம் உள்ளவர்களுக்கு எது ஏற்றது?

வீடு எங்கே என்பதைப் பொறுத்தது. தளமுள்ள ஊரிலேயே வீடு இருந்தால் வட்டார நிறுவனம் நல்லது, அடுத்த மாதப் பணிப்பட்டியல் முன்பே தெரிந்துவிடும். வேறு ஊரிலிருந்து விமானம் ஏறி வேலைக்கு வர வேண்டியிருந்தால், விடுப்பு நாள்களில் இரண்டு மூன்று அந்த அலைச்சலிலேயே கரையும். விமானி அறையின் கூடுதல் இருக்கையில் இலவசமாகப் பயணிக்கும் ஜம்ப் சீட் சலுகை விமான நிறுவன விமானிகளுக்குப் பெரிய உதவி. சார்ட்டர் விமானிகளில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. பதிலாக நல்ல நிறுவனங்கள் வேலைக்கு வர டிக்கெட் வாங்கித் தருகின்றன.

விமானத்தைப் பங்காக விற்கும் முறையை 1986-இல் தொடங்கிய நெட்ஜெட்ஸ் போன்ற நிறுவனங்களில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்ற ஏற்பாடு உண்டு. சார்ட்டர் உலகில் குடும்பத்தோடு ஒத்துப்போகும் ஏற்பாடு என்றால் என் கணிப்பில் அதுதான். சிறு நிறுவனங்களில் "எப்போதும் அழைப்பில்" என்றால் மகளின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நிறுவனமே மூடிவிட்டால்?

இரண்டிலும் நடந்திருக்கிறது. வட்டார நிறுவனங்களில் டிரான்ஸ் ஸ்டேட்ஸும் காம்பஸும் 2020 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தின, எக்ஸ்பிரஸ்ஜெட் 2022-இல் திவாலானது. வட்டார நிறுவனத்தின் உயிர் பெரிய நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் யாருடன், எந்த ஆண்டுவரை என்று பாருங்கள். சார்ட்டரில் விமானங்கள் பெரும்பாலும் தனி முதலாளிகளுடையவை. ஒருவர் தன் ஜெட்டை விற்றால் அதை ஓட்டிய விமானிகளின் வேலையும் அதோடு போகக்கூடும்.

பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து போடலாமா?

படித்துவிட்டுப் போடலாம். குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குச் செலவழித்த நிறுவனம், ஓராண்டோ இரண்டாண்டோ இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. மாதந்தோறும் தொகை குறைந்துகொண்டே வருகிறதா, அவர்களே உங்களை நீக்கினால் என்ன ஆகும் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டாவது வரி இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

65 வயது வரம்பு சார்ட்டருக்கும் உண்டா?

121-இல் 65-க்கு மேல் பறக்க முடியாது. உள்நாட்டு 135 சார்ட்டருக்கு அந்த வரம்பு இல்லை, மருத்துவச் சான்று இருந்தால் பறக்கலாம். எனவே முதலில் விமான நிறுவனம், பிறகு சார்ட்டர் என்ற வரிசைக்குக் காலம் இடம் தருகிறது. தலைகீழ் வரிசைக்கு அவ்வளவு தாராளமாகத் தருவதில்லை.

நேர்காணலில் நான் என்ன கேட்க வேண்டும்?

சம்பளத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் "கடைசியாக ஒரு விமானி ஒரு பறப்பை மறுத்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நல்ல நிறுவனத்தில் உடனே ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள், பெரும்பாலும் சிறியதாக இருக்கும்: இடி மழை, ஈரமான குறுகிய ஓடுபாதை, காய்ச்சல். "எங்களிடம் அப்படி யாரும் மறுத்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னால், அந்த வேலையை நான் ஏற்கமாட்டேன். பிறகு ஓய்வு நேரத்தை யார், எப்போது எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் வெளியே வந்து, கொட்டகையில் விமானம் துடைத்துக்கொண்டிருக்கும் துணை விமானியிடம் அதே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

முடிவெடுத்துவிட்டேன். பழைய நிறுவனத்திலிருந்து எப்படி விலகுவது?

முறையாக அறிவிப்புக் கொடுத்து, ஒப்புக்கொண்ட கடைசிப் பறப்பு வரை பறந்துவிட்டு. உங்கள் சோதனைப் பறப்புகள், பயிற்சி முடிவுகள், வேலையிலிருந்து விலகிய விதம் எல்லாம் எஃப்.ஏ.ஏ.வின் விமானிப் பதிவுத் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. புதிய நிறுவனம் உங்களைப் பறக்க விடும் முன் அதைப் பார்த்தே ஆகவேண்டும். நீங்களும் அதில் நுழைந்து உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். என் பதிவில் ஒரு சிமுலேட்டர் தேர்வின் தேதி தவறாக ஏறியிருந்தது. அது சரியாகும்வரை அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.